சாயங்காலத்து நோய்

டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் நோய் காணாமல் போய்விடுவதைப் போன்ற சங்கடம் வேறு இல்லை. பல் வலிக்காரர்களுக்கு இது தெரியும். இரவெல்லாம் உயிரை வாங்கிய வலி, மறுநாள் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் நின்றுவிடும். பல் வலி என்றால் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். மையஸ்தீனியா கிரேவிஸ் என்ற தசை பலவீன நோய் வந்தவர்களுக்கு இதே சங்கடம் சில சமயம் வருடக்கணக்கில் நீடிக்கிறது.

நோயின் சுபாவம் அப்படி. காலையில் எழும்போது நன்றாக இருப்பார்கள். பொழுது ஏற ஏற, வேலை செய்யச் செய்ய, தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும். இமை சரியும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். மெல்லும்போது தாடை நின்றுவிடும். சற்று நேரம் படுத்து எழுந்தால் எல்லாம் பழையபடி சரியாகிவிடும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, மரத்துப்போவதும் கிடையாது. பெரும்பாலான பொது மருத்துவமனைகளில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். நோய் வருவதோ சாயங்காலத்தில்.

மும்பையின் கிழக்கு ஓரத்தில், தாணே கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது டிராம்பே. குன்றின் ஒரு பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம், இன்னொரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், கரையோரம் பழைய கோலி மீனவர் கிராமம், அருகில் நெருக்கியடித்து நிற்கும் சீட்டா கேம்ப். நெருக்கடி நிலை காலத்தில், 1976-ல், அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து விட்ட இடம் அது. அந்த இடிப்பை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலிலிருந்து மும்பைக்கு வந்த தமிழர். பின்னாளில், 2000-ல், மகசேசே விருது பெற்றார். சீட்டா கேம்பில் இன்றும் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள்.

இந்த நோய்க்கும் டிராம்பேக்கும் தனிப்பட்ட உறவு எதுவும் இல்லை. உலகில் எங்கும், எந்த வயதிலும் வரக்கூடியது இது. இளம் வயதில் பெண்களையும், அறுபதை ஒட்டி ஆண்களையும் அதிகம் பிடிக்கும். தொற்றாது. ஆனால் இதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்று புரிந்துகொள்ள டிராம்பே பொருத்தமான இடம். காரணம், இங்கே ஒரு நோய் டாக்டரின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மூன்று மொழிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

முப்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண் ஒருவரை இங்கே கற்பனை செய்துகொள்ளலாம். காலையில் தண்ணீர் பிடிப்பார், சமைப்பார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். சிரமம் எதுவும் தெரியாது. மதியத்துக்கு மேல் கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் கை பாதியில் இறங்கிவிடும். மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் நான்கு படி ஏறியதும் தொடை நின்றுவிடும். ஊரில் இருக்கும் அக்காவுடன் போனில் பேசத் தொடங்கும்போது குரல் கணீரென்று இருக்கும். பத்து நிமிடத்தில் மூக்கால் பேசுவதுபோல் ஆகி, வார்த்தைகள் குழறும். இரவுச் சாப்பாட்டின் பாதியில் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்லுவார். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. “வேலைன்னா மட்டும் இவளுக்கு உடம்பு முடியாமப் போயிடும். சும்மா உட்கார்ந்தா சரியாயிடும்” என்பார் மாமியார்.

கோபத்தில் சொன்னாலும் மாமியார் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. வேலை செய்தால் முடியாமல் போகிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. மருத்துவப் புத்தகங்கள் இந்த நோய்க்குத் தரும் விளக்கமும் அதுதான். அந்த வீட்டில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர் மாமியார். பெயர்தான் தவறு. நோய் என்பதற்குப் பதில் நடிப்பு என்று சொல்லிவிட்டார்.

இந்த வாக்கியம் அப்படியே டாக்டரிடம் போய்ச் சேர்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அது போவதில்லை. கிளினிக்குக்குத் துணைக்கு வருவது பள்ளியில் படிக்கும் மகள். அம்மா தமிழில், “காலையில நல்லாத்தான் இருக்கேன், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கண்ணைத் திறக்க முடியல, வாய் ஓஞ்சுபோகுது” என்கிறார். மகள் அதை இந்தியில் “கம்ஜோரி” என்று ஒரே சொல்லில் அடக்குகிறாள். தெருமுனை டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதும் சீட்டில் அது ‘வீக்னஸ்’ ஆகிறது. அங்கே நர்ஸ் மராத்தியில் “அசக்தபணா” என்கிறார். மூன்றுமே சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் காலையும் விளக்கு வைக்கிற நேரமும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன. அவற்றோடு நோயும் உதிர்ந்துவிட்டது.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. அசதி, சோர்வு, களைப்பு, பலவீனம் எல்லாவற்றையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். களைத்தவருக்குக் கையைத் தூக்க மனம் வருவதில்லை. தூக்கினால் தூக்க முடியும். மையஸ்தீனியாக்காரருக்கு மனம் இருக்கிறது, கைதான் வருவதில்லை. போதாததற்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. சுவர் விளம்பரங்களின் புண்ணியத்தில் கூச்சத்தையும் சந்தேகத்தையும் சேர்த்துச் சுமக்கும் சொல் அது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் சத்து மாத்திரையும் டானிக்கும் குளுக்கோஸ் பாட்டிலுமாகக் காலம் போகும்.

பிறகு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நிபுணர். இரட்டைப் பார்வைக்குக் கண் டாக்டர், குரலுக்குத் தொண்டை டாக்டர், தாடைக்குப் பல் டாக்டர், கடைசியில் மனநல டாக்டர். கண்ணையும் தாடையையும் தொடையையும் ஒரே நோய் பிடித்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றாமல் போகலாம். இன்னொரு விநோதமும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறார் அல்லவா? அந்த ஓய்விலேயே தசைகள் தேறிவிடும். பெயரைக் கூப்பிடும்போது நிமிர்ந்து நடந்து உள்ளே போவார். “கையைத் தூக்குங்கள்” என்றால் தூக்குவார். ‘பரிசோதனையில் குறை எதுவும் இல்லை’ என்று எழுதப்படும்.

டாக்டர்கள் இதில் ஏமாறுவது புதிதும் அல்ல. 1877-ல் லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியின் டாக்டர் சாமுவேல் வில்க்ஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். நடக்கத் தடுமாறினாள், பேச்சு மெதுவாக வந்தது, கண் விலகியிருந்தது. ஹிஸ்டீரியா என்றே தோன்றியது. பிறகு விழுங்க முடியாமல் போய், மூச்சும் தடைப்பட்டு இறந்தாள். பிரேதப் பரிசோதனையில் மூளையில் கோளாறு எதுவும் தென்படவில்லை. அவளுக்கு வந்தது மையஸ்தீனியாவாக இருந்திருக்க வேண்டும் என்பதே இன்றைய கணிப்பு.

அதற்கும் 200 ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொரு ஆங்கில டாக்டருக்குக் கண் திறந்திருந்தது. 1672-ல் தாமஸ் வில்லிஸ் எழுதிய நூலில் ஒரு பெண் வருகிறார். சாதாரணமாகப் பேசுவார். நீளமாகவோ அவசரமாகவோ பேசிவிட்டால் குரல் அடியோடு நின்றுவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பும். அவரைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே வில்லிஸ் அவர் விவேகமும் நேர்மையும் உள்ள பெண் என்று சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? அவர் சொல்வதை நம்பலாம் என்பதற்காகத்தான் இருக்கும். இந்த நோயின் முதல் வர்ணனை என்று கருதப்படும் குறிப்பு நோயாளியை நம்புவதில் தொடங்குகிறது.

நோய்க்கு இன்றைய பெயர் வந்தது 1895-ல். பெர்லினில் ஃபிரெட்ரிக் ஜாலி, நோயாளியின் தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டினார். முதல் துடிப்பு நன்றாக இருந்தது. அடுத்தடுத்த துடிப்புகள் குறைந்துகொண்டே போயின. கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் மறுபடி தெம்பாகத் துடித்தது. சாயங்காலம் வரை காத்திருக்காமல், ஆஸ்பத்திரி மேஜையிலேயே சில நிமிடங்களில் ஒரு சாயங்காலத்தை வரவழைக்க முடியும் என்று காட்டியது அந்தச் சோதனை. இன்றும் நரம்பியல் பிரிவுகளில் அதன் நவீன வடிவம்தான் நடக்கிறது.

மருந்து வந்தது 1934-ல். லண்டனின் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபீஜ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், இந்த நோயின் அறிகுறிகள் அம்பில் தடவும் குராரே விஷத்தின் விளைவுகளைப் போல இருப்பதைக் கவனித்தார். குராரேக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மின் மருந்தை ஊசியில் போட்டார். சரிந்த இமை சில மணி நேரம் நிமிர்ந்தது. இன்று நோயாளிகள் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த மருந்தின் வாரிசு.

உடலுக்குள் நடப்பது என்ன என்ற மர்மத்தை உடைத்ததும் ஒரு விஷம்தான். நரம்பின் நுனி அசிட்டைல்கோலைன் என்ற ரசாயனத்தை வெளியிட, தசையின் மேல் உள்ள ஏற்பிகள் அதை வாங்கிக்கொண்டு தசையைச் சுருங்க வைக்கின்றன. கட்டுவிரியன் கடித்தவர்களுக்கு இமை சரிந்து, பேச்சு குழறி, மூச்சு நிற்பதை நம் ஊர்க் கிராமங்கள் அறியும். தைவானில் வாழும் ஒரு கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து, இந்த ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொள்ளும் நச்சு ஒன்றை சாங், லீ என்ற இரு விஞ்ஞானிகள் 1963-ல் பிரித்தெடுத்தார்கள். அந்த நச்சில் கதிரியக்க அயோடினை ஒட்டித் தசையில் விட்டால் ஏற்பிகள் எத்தனை என்று எண்ணிவிடலாம். 1973-ல் அமெரிக்காவில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி மூவரும் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். மையஸ்தீனியா நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் மிகவும் குறைந்திருந்தன. அதே ஆண்டு பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கு மீனின் ஏற்பிகளை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்களுக்கும் இதே பலவீனம் வந்தது. உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே எதிர்ப்பொருள்களை உண்டாக்கித் தன் ஏற்பிகளைத் தாக்குகிறது என்பது நிச்சயமாயிற்று.

நாள் முழுக்க நோய் ஒரே மாதிரி இல்லாதது ஏன் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. தொடர்ந்து வேலை செய்யும்போது நரம்பு ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைவான ரசாயனத்தையே வெளியிடும். ஆரோக்கியமானவர்களிடம் ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் அந்தக் குறை தெரிவதில்லை. பணக்காரர் வீட்டில் பத்து ரூபாய் காணாமல் போவதுபோலத்தான். ஏற்பிகளை இழந்தவர்களுக்குக் கையிருப்பு கிடையாது. அன்றாடங்காய்ச்சியின் குடும்பம் மாதிரி, ஒரு சின்னக் குறையிலும் அடுப்பு அணைந்துவிடும். ஓய்வு கொடுத்தால் நரம்பு மறுபடி சேர்த்துக்கொள்ளும்.

ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்களைக் கண்டுபிடிக்க எழுபதுகளில் வந்த சோதனையிலும் கட்டுவிரியன் நச்சும் கதிரியக்க அயோடினும்தான் கருவிகள். டிராம்பேயில் 1956-ல் அப்சரா உலை இயங்கத் தொடங்கியதிலிருந்து இந்தியாவின் அணுத் தொழிலுக்கு அதுதான் தலைநகர். மருத்துவத்துக்கான கதிரியக்க அயோடினும் அங்கே தயாராகிறது. நோயை நிச்சயப்படுத்தும் விஞ்ஞானத்தின் ஒரு கிளை சீட்டா கேம்பிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நோயாளியின் ஒரு வாக்கியம்தான் டாக்டர் வரை போய்ச் சேர மாட்டேன் என்கிறது.

இந்த நகரத்துக்கு நோயின் பெயர் தெரியாது என்றும் சொல்ல முடியாது. மும்பையின் மிகப் பெரிய நட்சத்திரமே அதை அனுபவித்தவர். 1982-ல் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டு மரணத்தின் விளிம்புவரை போய் மீண்ட அமிதாப் பச்சனுக்கு, ‘மர்த்’ படம் தயாராகிக்கொண்டிருந்த 1984-ல் மையஸ்தீனியா கிரேவிஸ் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அலகாபாத்தில் தேர்தலில் நின்று ஜெயித்தார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் நடித்தார். அவரால் இந்தியாவில் பலருக்கு இந்த நோயின் பெயர் அறிமுகமானது. ஆனால் பெயரைக் கேட்டவர்களுக்கு அடையாளம் தெரிந்ததா என்பது வேறு கேள்வி. நடிகருக்கு வந்த ஏதோ பெரிய நோய் என்று நினைவிருக்கும். தன் வீட்டில் ஒருவர் இரவுச் சாப்பாட்டின் பாதியில் தாடையைத் தாங்கிக்கொள்வதும் அதே நோயாக இருக்கலாம் என்று தோன்றாது.

அடையாளம் காண முதலில் தேவைப்படுவதற்குச் செலவு அதிகமில்லை. நோயாளியை ஒரு நிமிடம் கண்ணை இறக்காமல் மேலே பார்க்கச் சொன்னால் இமை மெல்லச் சரியலாம். ஒன்றிலிருந்து ஐம்பது வரை உரக்க எண்ணச் சொன்னால் பாதியில் குரல் மாறலாம். சரிந்த இமையின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைத்தால் இமை நிமிரலாம். குளிர்ச்சி இந்த நோய்க்கு நல்லது, வெப்பம் ஆகாது. நரம்பியல் நிபுணர் தன் மேற்பார்வையில் நியோஸ்டிக்மின் ஊசி போட்டும் பார்ப்பார். அதன் பிறகு மின்தூண்டல் சோதனை, ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பார்க்க சி.டி. ஸ்கேன். உடல் முழுவதும் பலவீனம் பரவியவர்களில் சுமார் 85 சதவீதத்தினரின் ரத்தத்தில் ஏற்பிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். கண்ணோடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் இருக்கும். ஆகவே ரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. 2001-ல் மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மீதிப் பேரில் சிலருக்கும் விடை கிடைத்தது.

பெயர் தெரிவதால் என்ன லாபம்? இந்த நோயில் பெயர் உயிர் காக்கும். மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துபோனால் சில மணி நேரத்தில் செயற்கை சுவாசம் தேவைப்படும். அந்த நெருக்கடியைச் சாதாரணச் சளிக் காய்ச்சலே கொண்டுவரலாம். அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்தும் கொண்டுவரலாம். ஜென்டமைசின், அமிகாசின் ஊசிகள், சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திரைகள், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம் ஆகியவை இந்த நோயாளிகளின் பலவீனத்தை ஒரேயடியாக அதிகப்படுத்தக்கூடியவை. டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடும் வழக்கம் உள்ள ஊரில், தன் நோயின் பெயர் தெரியாதவர் எந்தக் கடையில் எதைத் தவிர்ப்பார்? பெயர் தெரிந்தவர் அதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரிந்தால் சிகிச்சையும் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை பைரிடோஸ்டிக்மின், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு, அசதயோப்ரின். நெருக்கடியில் பிளாஸ்மா மாற்றம் அல்லது இம்யூனோகுளோபுலின். தைமஸ் சுரப்பியை அகற்றும் அறுவைச் சிகிச்சை பொருத்தமானவர்களுக்கு உண்மையிலேயே பலன் தருகிறது என்பதை 126 நோயாளிகளை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2016-ல் நிரூபித்தது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, ஏறக்குறைய எல்லாரையும் போல வாழ முடிகிறது. பெயர் தெரிவதில் இன்னொரு லாபமும் உண்டு. நடிக்கிறாள் என்ற பழி அன்றோடு நின்றுவிடும்.

மருந்து, மருத்துவன், நோயாளி, துணை நிற்பவன் என்று மருத்துவத்துக்கு நான்கு பங்குகள் சொன்னவர் வள்ளுவர். மருத்துவன் கருத வேண்டியவற்றில் நோயாளியின் அளவு, பிணியின் அளவு இரண்டோடு காலத்தையும் சேர்த்தார். சிகிச்சைக்கு ஏற்ற காலம் என்று உரைகாரர்கள் விளக்கம் தருவார்கள். மையஸ்தீனியாவைப் பொறுத்தவரை அது கடிகாரத்தில் பார்க்க வேண்டிய காலமாகவும் இருக்கிறது.

துணை நிற்பவருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின் ‘வீக்னஸ்’ பற்றி டாக்டரிடம் சொல்லப் போகும் மகள் அந்தச் சொல்லையே வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். எந்த வேலை, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் செய்த பிறகு நின்றுபோகிறது, எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தால் திரும்புகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துக்கொண்டு போகலாம். இரவு எட்டு மணிக்குச் சரிந்திருக்கும் இமையையும் குழறும் பேச்சையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். காலை பத்து மணிக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அம்மா நன்றாகத்தான் இருப்பார். அப்போது போனை நீட்டி, “இது நேத்து ராத்திரி எங்கம்மா” என்று காட்டலாம். அதை எந்த மொழியில் சொன்னாலும் டாக்டருக்குப் புரியும்.